துப்பட்டாவின் மறுமுனை

பச்சை நிறக் கைத்தறித் துப்பட்டா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஒரு முனையில் நூல்கள் முறுக்கேறிக் கிடக்கின்றன. எத்தனை முறை துவைத்தும் அவை நேராகவில்லை.

மனச்சோர்வுக்குக் கெட்டமின் துணையுடன் உளச்சிகிச்சை அளிக்கும் ஆய்வொன்றில், நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பது என் வேலையாக இருந்தது. அறுவை அரங்கில் மயக்கத்துக்குத் தரும் மருந்து அது. குறைந்த அளவில் செலுத்தினால் மனம் தன் வழக்கமான தடங்களை விட்டுச் சற்று நேரம் விலகி அலையும். மாத்திரைகளுக்கு அசையாத துயரம் அப்போது இளகுமா என்பதே எங்கள் கேள்வி. மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியிலிருந்து தம்பியுடன் வந்தவரை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றே அழைத்தோம். அக்கா என்று பொருள். அவருக்கு நான் மோளே, அதாவது மகளே. கணவர் இறந்தபின் அவருடைய பேச்சும் பசியும் அடங்கிப்போயிருந்தன. இதுவும் பலிக்காவிட்டால் இனி எந்த மருத்துவரிடமும் வரமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லியிருந்தார்.

தொடுதலைப் பற்றி மருந்து ஏற்றும் முன்பே கேட்டுவிடுவது எங்கள் நெறி. மயக்கத்தில் கேட்பதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

"பயம் வந்தா உங்க கையைப் பிடிச்சுக்கட்டுமா ராத்தா?"

"வேண்டாம் மோளே. அவரு மௌத்தானப்போ வந்தவங்க எல்லாம் பிடிச்சுப் பிடிச்சு என் கை தேஞ்சுபோச்சு."

மருந்து ஏறக் கண்பட்டையுடன் படுத்திருந்தவர், பாதி வழியில் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். "மோளே, கை தா." என் கை தானாக எழுந்தது. அதை மடியிலேயே இருத்திக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. "இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லி, துப்பட்டாவின் முனையை அவர் விரல்களுக்கு எட்டும்படி வைத்தேன். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் அதை முறுக்கிப் பற்றியபடி, கணவர் போனபின் முதல் முறையாகக் குரலெடுத்து அழுதார்.

கண் திறந்தபின் கொடுத்த சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன, பச்சவெள்ளம், வெறும் தண்ணி! இதுக்கு அந்த மருந்தே மேல்" என்றார். மாதக்கணக்கில் எதைக் கொடுத்தாலும் மறுபேச்சின்றி விழுங்கியவர். வாசலில் நின்ற தம்பி அந்த வசவைக் கேட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே குணமாகிவிட்டதாக நாங்கள் யாரும் நம்பவில்லை. பின்வந்த அமர்வுகளுக்கிடையே கெட்ட வாரங்களும் இருந்தன. தேறியதில் மருந்தின் பங்கு எவ்வளவு, அழுகையின் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆய்வு முடிந்துவிட்டது. சென்ற வாரம் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ராத்தாவைக் கண்டு, இதை எழுதச் சம்மதம் கேட்டேன். "எழுது. சாயா மோசம்னும் சேர்த்து எழுது" என்றார். சரக்கு லாரிகளுக்கிடையே தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. பழைய நினைவில் அதே துப்பட்டாவின் முனையை நீட்டினேன். அவர் அதை ஒதுக்கிவிட்டுத் தன் கையை நீட்டினார்.

"கை தா மோளே. இப்போ முழுப் புத்தியோடதான் கேக்கிறேன்."