புளி போட்டு விளக்கிய கூலர்

எங்கள் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருந்தது. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில் அப்பா தோட்ட வேலை பார்த்தார். அங்கே வரும் வெளிநாட்டு விருந்தாளிகளின் பெயர்களைப் பதிந்து பதிந்து ஓய்ந்துபோன டெஸ்க்டாப் அது. புதிது வாங்கியதும் பழையதை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். மானிட்டரை மடியிலும் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். "புள்ள படிக்கத்தான் இது. நோண்டிக் கெடுத்தா அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போயிரும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. சென்னையில் இங்கிலீஷ் மீடியம் படித்த அத்தை மகனும் என் வகுப்புதான். ஆனால் அவன் வெளியூர்க்காரன், கணக்கில் சேர மாட்டான் என்று நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். போதாததற்கு நான் அவனைவிடச் சில மாதங்கள் மூத்தவள்.

தெருவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவன் அத்தை மகன், நான் மாமன் மகள். அவன் லீவுக்கு வந்து இறங்கினால் போதும், குழாயடியில் ஆரம்பித்துவிடுவார்கள். "மாப்ள வந்துட்டாருல்ல, நீ என்னத்தா இன்னும் தல சீவாமத் திரியிற?" நான் கல்லைத் தேடுவேன். அவன் காது சிவக்க வீட்டுக்குள் ஓடிவிடுவான்.

எட்டாம் வகுப்புப் பொங்கல் லீவில் அவன் பென்டிரைவில் ஒரு கார் பந்தய விளையாட்டைக் கொண்டுவந்தான். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கார் ஒரு அடி நகரும், நின்று யோசிக்கும், பிறகு இன்னொரு அடி நகரும். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உங்க மெஷின் மாட்டு வண்டிடி. இதுல ஓடவே ஓடாது."

"ஓட்டிக் காட்டுனா?"

"ஓட்டிக் காட்டு, உன்ன அக்கான்னு கூப்பிடுறேன். எல்லார் முன்னாடியும்."

அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் மாமன் மகளை யாரும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள். ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அப்புறம் மாப்பிள்ளை என்ன, பொண்ணு என்ன? குழாயடியின் வாய் அடைந்துவிடும். வைகாசித் திருவிழாவுக்கு அவர்கள் மறுபடி வருவார்கள். அதுவரை எனக்கு அவகாசம் இருந்தது.

அம்மாவின் தம்பியான என் மாமா, செக்காலை ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். ஓவர்கிளாக் என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். "பிராசஸர வேலைக்கு வந்த ஆளு மாதிரி நெனச்சுக்க ஆத்தா. இம்புட்டு வேகத்துலதான் ஓடணும்னு கம்பெனிக்காரன் சொல்லி அனுப்பிச்சிருப்பான். நம்ம அத கொஞ்சம் வெரட்டுறோம். அம்புட்டுத்தான்."

"வெரட்டுனா கெட்டுப்போகாதா மாமா?"

"சூடாகும். சூட்ட எறக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

மாமா இதையெல்லாம் இந்தி வீடியோக்களில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். அவருக்கு இந்தி தெரியாது. படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டதாகச் சொன்னார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் இங்கிலீஷ் வாசிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று இறங்கினோம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு நீலத் திரை வரும். அதில் இருப்பதை நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மாமா கண்ணை மூடி, வீடியோவில் பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவந்து, "ம், அதான், அத ஒரு படி ஏத்து" என்பார். ஏற்றுவோம். மறுபடி ஆன் ஆனால் மாமா கைதட்டுவார். கார் முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. ஆனால் சித்திரை வெயில் வந்ததும் பெட்டி தோசைக்கல் மாதிரி கொதித்தது. பந்தயத்தின் பாதியில் பொசுக்கென்று அணைந்துபோனது.

திருவிழாவுக்கு முதல் நாள் மாமா ஒரு பழைய கூலரைக் கொண்டுவந்தார். பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியே விடுகிற சாமான் அது. முழுக்கச் செம்பு, தகடு தகடாக அடுக்கியது, நிறம் மங்கிப் போயிருந்தது. பிராசஸரோடு ஒட்டி உட்காருவதற்காக அதன் அடியில் சாம்பல் நிறப் பசையைப் பதமாகத் தடவினார். கையில் இருந்ததே அந்தக் கடைசிப் பசைதான். ஸ்குரூ ஒன்று குறைந்ததால், கூலரைத் தலைகீழாகத் தரையில் வைத்துவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கடைக்கு சைக்கிளை மிதித்தார்.

திரும்பி வந்தபோது கூலரைக் காணவில்லை. கொல்லையில், திருவிழாவுக்காக விளக்கிய குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளத்துக்கு நடுவே அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. புளி போட்டு விளக்கியதில் தங்கம் மாதிரி ஜொலித்தது.

மாமா அம்மாவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அக்கா, என்ன காரியம் செஞ்சிட்டீக!"

"ஏன்டா? களிம்பேறிப்போய்க் கெடந்துச்சு. அடியில வேற என்னமோ கொழகொழன்னு அப்பியிருந்துச்சு. அதத் தேச்சு எடுக்கிறதுக்குள்ள எங்கையி ஓஞ்சுபோச்சு. நல்லதுக்குக் காலமில்ல."

பசையில்லாமலே மாட்டினோம். "எங்க அக்கா தேச்ச தேய்ப்புல சூடே வழுக்கிக்கிட்டு ஓடிரும்" என்று மாமா தைரியம் சொன்னார். நான் ஆசையை அடக்க முடியாமல் ஒரேயடியாக நாலைந்து படி ஏற்றிவிட்டேன். திரை கறுத்தது. அதன்பிறகு எந்தப் பட்டனை அமுக்கியும் வெளிச்சம் வரவில்லை.

எனக்கு அழுகை கூட வரவில்லை. இரும்புக் கடைத் தராசில் எங்கள் கம்ப்யூட்டர் ஆடுவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மாமா உள்ளேயிருந்து சில்லறைக் காசு அளவுக்கு ஒரு பேட்டரியை நெம்பி எடுத்தார். "இதக் கழட்டி மாட்டுனா நம்ம செஞ்சதெல்லாம் அதுக்கு மறந்துபோகும். பொறுமையாத்தான் பாக்கணும். காலையில அவுக வந்துருவாக. நீ அம்மா கூடக் கோயிலுக்குப் போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் கோயிலில் நான் என்ன வேண்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தால் வீடு நிறைய ஆட்கள். அத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. அவளுக்கு அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அறையில் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, மேசை விசிறி ஒன்று அதற்குள் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. திரையில் கார் தயாராக நின்றது. மாமா எங்கோ பார்த்தபடி, "ஓட்டுத்தா" என்றார்.

கார் பறந்தது! எங்கும் நிற்கவில்லை, எதையும் யோசிக்கவில்லை. நான் அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் காருக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் திரைக்குக் குனிந்தான். மாமாவை ஒருமுறை பார்த்தான். பிறகு கூடத்தில் அத்தை பேசிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு, வீடே திரும்பும்படி கத்தினான்.

"நீ ஜெயிச்சிட்டக்கா! அக்கா, அக்கா, அக்கா!"

முதலில் வாய் திறந்தவள் அம்மா. "பாத்தீகளா மதினி, புள்ளைக ரெண்டும் அக்கா தம்பியாப் பழகிருச்சுக. அவனே வாய் நெறையக் கூப்பிட்டுட்டான். இனிமே நம்ம என்னத்தப் பேசுறது?" அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னார்.

இன்று என் பிழைப்பே கம்ப்யூட்டரோடுதான். பேட்டரியைக் கழற்றிய பிறகு எங்கள் பிராசஸர் தன் பழைய வேகத்துக்கே போய்விட்டது என்பதும், மாமா அதைத் தொடாமல், விளையாட்டிலிருந்த நிழல், புகை, மரம் எல்லாவற்றையும் அணைத்து அதன் சுமையைக் குறைத்துவிட்டார் என்பதும் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மாமாவிடம் கேட்டேன். "நெழலு இல்லாட்டி என்னத்தா? காரு ஓடுச்சுல்ல" என்றார். அந்தக் காருக்கு நிழல் இல்லை என்பதைச் சென்னைக்காரன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான். எங்கள் இருவருக்கும் பேசி முடித்து, எனக்குப் பூ வைத்துவிட்டுப் போகத்தான் அத்தை வந்திருந்தாள் என்று அம்மா சொன்னது இன்னும் பின்னால். பூ வைத்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருக்கும்.

அன்று சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனோம். அத்தை பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோன ஒரு துணிப்பையில் பட்டுத் தாவணியின் ஜரிகை ஓரம் தெரிந்தது. மகன் தோற்றுவிட்ட கோபத்தில் எனக்குக் கொண்டுவந்ததைத் தராமல் போகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ் திரும்பி மறையும்வரை அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னலில் கையாட்டியவனை நான் கவனிக்கவே இல்லை.