லாரிக்கு அடியில் என் குங்குமம்

தொண்ணூறுகளில் எங்கள் குடும்பமே ஒரு லாரியை நம்பித்தான் இருந்தது. திருமுடிவாக்கத்திலிருந்து இரும்புச் சாமான் ஏற்றி என் கணவரே ஓட்டுவார். ஒருமுறை ஸ்டியரிங் ஆட்டம் கண்டது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்றான் மெக்கானிக்கான என் தம்பி. புதியது வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தான்.

மறுநாள் பெருங்களத்தூரில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் லாரி சட்டென்று திரும்பவில்லை. ஓரத்து மணல் குவியலில் ஏறி நின்றது. மணலுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்காக ஒரு கூட்டமே நின்றிருந்தது.

“டயர்ல காத்து கம்மியா கீது மாமா, வேற ஒண்ணியும் இல்ல,” என்று என் கணவரிடம் சொன்னான் தம்பி. காற்றடித்தோம், ஆட்டம் போகவில்லை. நான் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, கணவர் அடியில் படுத்து ஜாயிண்டைப் பிடித்துப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. துணியால் அழுத்தித் துடைத்ததும் கறுப்புப் பெயிண்ட் உரிந்து துரு தெரிந்தது. அதே பழைய ஜாயிண்ட்!

நேராகத் தாம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போனோம். அவனிடமும் அதே மாதிரி லாரி உண்டு. அடியில் குனிந்து பார்த்தேன். புது ஜாயிண்ட், அதில் நான் வைத்த குங்குமம்.

“ஒரு சாமானுக்கா இவ்ளோ பேஜார் பண்றே அக்கா?” என்றான்.

“அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது உன் மாமாடா,” என்றேன்.

இப்போதெல்லாம் யார் ரிப்பேர் செய்தாலும், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். சொந்தக்காரர் என்றால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.