மொட்டைக்குப் புதுப் படம்

பக்தவச்சலத்தை எனக்குப் பிடிக்காது. பன்னிரண்டு வருஷமாகப் பிடிக்காது. அவரைப் பற்றி எழுத என்னைவிட நல்லவர்கள் திருத்தணியில் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் என்னளவுக்கு அவரைக் கவனித்தவன் ஒருவனும் இல்லை. எங்கே தவறுவார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனா. அவர் கிரிக்கெட் ஆடிய லட்சணம் ஊருக்கே தெரியும். பத்தாவது ஆளாக இறங்குவார், முதல் பந்திலேயே திரும்பி வருவார். ஆட வராதவர் ஆட்டத்தை நடத்த வந்துவிட்டார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் பந்தய மேட்ச்தான். ஆட்டம் முடிவதற்குள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு துரத்துவார்கள். கனகம்மாசத்திரத்தில் ஒருவன் தலையில் பதினொரு தையல் விழுந்தது. அடுத்த மாதமே இவர் ஆறு ஊர் கேப்டன்களைக் கடைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வட்டார லீக்கை ஆரம்பித்தார். டென்னிஸ் பந்து, பதினாறு ஓவர், ஞாயிறு காலை ஏழு மணிக்கு டாஸ். இன்று பதினெட்டு அணிகள் ஆடுகின்றன. அதற்கப்புறம் யாருக்கும் தையல் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விதி என்றால் அப்படி ஒரு வெறி. அந்தந்த ஊர் ஆள்தான் ஆடலாம், ரேஷன் கார்டு நகல் வேண்டும். ஆந்திர எல்லை தாண்டினால் நகரி, அங்கிருந்து மாமன் மச்சானை இறக்குவது எங்கள் பழக்கம் என்று அவருக்குத் தெரியும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அட்டை, அவர் கடையிலேயே லேமினேட் செய்தது. ஏழு பத்துக்குள் பதினொரு பேர் நிற்காவிட்டால் தோல்வி. நான் திருவாலங்காட்டு அணிக்குக் கேப்டன். ஒருமுறை ரயில்வே கேட்டில் மாட்டி நாங்கள் ஏழு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"அண்ணே, கேட்டு போட்டுட்டாங்க" என்றேன்.

"ரயிலு எப்ப வரும்னு உனுக்குத் தெரியாதா ஆனந்தா?" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் தோல்வியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

மொட்டை விவகாரத்தில் தப்பு என்மேல். ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டால் கோபம் போய்விடுமா?

அது ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம். மைதானத்தில் பக்தர்களின் பஸ்கள் நின்ற டயர் தடம்கூட அழியவில்லை. வட்டாரத்தில் பாதி ஆண்கள் மொட்டை. எங்கள் திருவாலங்காட்டு அணியில் டில்லிபாபுவும் மொட்டை. நகரியில் எனக்குத் தெரிந்த வேகப்பந்துக்காரன் ஒருவன், அவனும் மொட்டை. அட்டையில் இருக்கிற படத்தில் முடி இருக்கிறது, நேரில் இல்லை, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? டில்லிபாபுவின் அட்டையைக் கொடுத்து நகரிக்காரனை இறக்கினேன். மூன்று விக்கெட் எடுத்தான். மைக்கில் டில்லிபாபு, டில்லிபாபு என்று கத்துகிறார்கள். நிஜ டில்லிபாபுவை வீட்டைவிட்டு வராதே என்று சொல்லியிருந்தேன். அந்த மடையன் பெண்டாட்டியோடு வந்து, பந்தலில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, நீ இங்க குந்திகினு கீற, அங்க உன் பேர்ல விக்கெட்டு உழுதுன்றாங்க?"

டில்லிபாபுவின் பெண்டாட்டி பாஞ்சாலிக்கு வெண்கலக் குரல். ஸ்கோர் மேஜையில் இருந்த பக்தவச்சலம் நிமிர்ந்து பார்த்தார்.

எங்களுக்கு இரண்டு வருஷம் தடை. அதே வாரம் பதினான்காவது விதியும் வந்தது. மொட்டை போட்டவர் புதுப் படம் எடுத்து, ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமைக்குள் அட்டையை மாற்ற வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் அவர் கடை வாசலில் மொட்டைகள் வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்கிறவன் எல்லாம் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு மொட்டை கேப்டன் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து காத்திருந்தேன். அவர் மகன் குமரேசன் டவுன் அணியின் தொடக்க ஆட்டக்காரன். என்றைக்காவது மகனுக்காக ஒரு விதியை வளைப்பார், அன்றைக்கு ஊர் நடுவில் வைத்து நாறடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

இந்த வருஷம் நாங்கள் முதல்முறையாக ஃபைனலுக்கு வந்தோம். எனக்கு நாற்பத்தொன்று, முழங்கால் போய்விட்டது, இனி ஆட முடியாது. கோப்பையைத் தொடாமலே போய்விடுவேனோ என்று தூக்கம் வரவில்லை. எதிரில் டவுன் அணி. குமரேசன் நின்றுவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

ஃபைனலுக்குப் பதினெட்டு நாள் முன்னால் பக்தவச்சலத்தின் மனைவி பிரேமா இறந்துபோனார். ஞாயிறுதோறும் மைதானத்துக்குக் குடத்தில் மோர் கொண்டுவருகிறவர். தடை வாங்கித் தலைகுனிந்து நின்ற அன்றும் எங்கள் பையன்களுக்கு அவர்தான் மோர் ஊற்றினார். நானும் என் மனைவி காஞ்சனாவும் மாலையோடு போய் வந்தோம். ஆட்டம் தள்ளிப்போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேதி போட்டாச்சு என்று சொல்லிவிட்டார் மனுஷன். ஃபைனலுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, காரியம். குமரேசன் மொட்டை போட்டான்.

ஞாயிறு காலை மேஜையில் அட்டைகளைப் பரப்பினார்கள்.

"அண்ணே, ஒரு ஆட்சேபணை" என்றேன்.

"சொல்லு."

"குமரேசன் அட்டையில பழைய படம் கீது. விதி பதினாலு."

டவுன் கேப்டன் துரைக்கண்ணு என் சட்டையைப் பிடித்தான். "டேய், அது அவங்கம்மாவுக்குப் போட்ட மொட்டைடா. வியாழக்கிழமதான காரியம் ஆச்சு. புதன்கிழம எப்புட்றா படம் எடுப்பான்?"

"எந்த மொட்டைன்னு விதியில எழுதலியே" என்றேன். வெள்ளிக்கிழமையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

பக்தவச்சலம் அட்டையைப் பார்த்தார். மகனின் தலையைப் பார்த்தார். போகட்டும், ஆடட்டும் என்று சொல்லுவார், சொன்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் தயாராக நின்றேன்.

"ஆட்சேபணை சரிதான். குமரேசா, பேடக் கழட்டிட்டு வெளிய குந்து."

பையன் பேடைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் முழுக்க அங்கேயே இருந்தான்.

பதினொரு ரன்னில் ஜெயித்தோம். எல்லா கேப்டன்களுக்கும் சொல்லும் அதே குரலில் வாழ்த்துச் சொல்லி, கோப்பையை என் கையில் கொடுத்தார் பக்தவச்சலம். என் பையன்கள் என்னைத் தூக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது, எல்லோருக்கும் தாகம். மோர்க்குடம் வைக்கிற இடம் காலியாக இருந்தது.

அவரை எனக்கு இன்னும் பிடிக்காது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை வளைந்து கொடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்குப் போனபோது காஞ்சனா வாசலில் நின்றிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. கோப்பையை நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"அந்தப் புள்ள எதுக்கு மொட்ட போட்டான்னு தெரிஞ்சிதான கேட்ட?"

"ஆங்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கோப்பையோடு வாசலிலேயே நின்றேன்.