கஞ்சி போட்ட மேலங்கிகள்

திருப்பதிக்குப் பக்கத்து ஊரான நகரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மோகன்ராஜுக்கு வயது நாற்பது. மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. அந்த மனுஷன் இன்னமும் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்றால் பெண்டாட்டிக்கு எரியுமா எரியாதா? யாமினிக்கு எரிந்தது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்களுக்குச் செருப்பு வார் வரைக்கும் வண்ணம் தீட்டி, மாதம் ஒரு ஞாயிறு திருப்பதிக்குக் கொண்டுபோவான். அங்கே நாலைந்து பேர் மேஜைமேல் மலையும் ஆறும் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள்.

இந்தத் தடவை ஒரு சிக்கல். அவனுடைய மலைநாட்டுக் காவல்படைக்குத் தோளிலிருந்து மேலங்கி தொங்க வேண்டும். வாங்கிய பொம்மைகளோ வெறும் முதுகோடு வந்தன. அரைகுறை பொம்மையை மேஜையில் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் சட்டம். குழாய் ஓட்டை அடைக்கிற களிம்பைத் தட்டி ஒட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா இது? மூட்டை தூக்கிக்கினு சண்டைக்குப் போறானா?" என்று சிரித்துவிட்டாள் யாமினி.

சிரித்தாளே தவிர, கை துறுதுறுத்தது. தறிக்காரர் வீட்டுப் பெண். துணி எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியாதா? கடையிலிருந்து காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைக் கொண்டுவரச் சொன்னாள். விசிறிபோல் நறுக்கி, கஞ்சியில் முக்கி, சிப்பாய்களுக்குப் போர்த்தி, ஊசிமுனையால் மடிப்பு இழுத்துவிட்டாள். எல்லா மடிப்பும் ஒரே பக்கம் பறந்தன, படை முழுக்க ஒரே காற்று அடிப்பதுபோல. காய்ந்து விறைத்ததும் சிவப்பு பூசினாள். மோகன்ராஜ் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் கைவேலையை அவன் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

யார் கையும் படவேண்டாமென்று பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். ஞாயிறு காலை திறந்தால், அடக் கடவுளே, உள்ளிருந்து கரப்பான் ஓடுகிறது! மேலங்கிகளின் ஓரமெல்லாம் கடித்துக் குதறிக் கிடந்தது. அவள் நைனா தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கலப்பார், பூச்சி அண்டாது. இவளோ சோறு வடித்த கஞ்சியை அப்படியே எடுத்திருந்தாள். தறிக்காரர் மகள் செய்கிற வேலையா இது!

மோகன்ராஜ் திட்டவில்லை. "உடு. நான் சும்மா போய் பாத்துக்கினு வரேன்" என்று சட்டையை மாட்டினான். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். காட்டித்தான் பார்ப்போமே என்று பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவளும் பஸ் ஏறினாள்.

திருப்பதியில் அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் வேங்கடாசலம், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. அவர் சரி என்றால்தான் பொம்மை மேஜை ஏறும். ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்துத் திருப்பினார்.

"சால பாகுந்தம்மா!" என்று தெலுங்கில் மெச்சினார். "சண்டையில கிழிஞ்ச மாதிரியே கீது. எப்படிக் கிழிச்சீங்க?"

மோகன்ராஜ் விட்டத்தைப் பார்த்தான்.

"கரப்பான் துன்னுடுச்சு சார்" என்றாள் யாமினி.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், "மிச்ச வேலையை அது முடிச்சுக் குடுத்துகீது. ஏத்துங்க" என்றார் வேங்கடாசலம்.

ஏற்றிவிட்டு மோகன்ராஜ் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காவல்படையை மலைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தன்னிடமிருந்த பழைய வில்லாளிகளை மட்டும் அனுப்பினான். அவர்கள் வரிசையாகச் செத்தார்கள். யாமினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன் மாமா அவனுங்கள அங்கியே வெச்சிக்கினு கீற?"

"கைபட்டு உன் துணி இன்னும் பிஞ்சிடப் போவுது" என்று முணுமுணுத்தான் அவன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது; கோபமும் வந்தது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பிஞ்சா பிய்யட்டும். மயில்துத்தம் போட்டு வேற செஞ்சு தரேன். நீ முன்னால அனுப்பு மாமா!"