குடியேற்றத்துப் பாலர்களுக்காக உழைத்த எங்கள் அப்பா

எங்கள் அப்பா எம்மைப் பிரிந்து இன்றுடன் முப்பத்தொரு நாட்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களிற் பலர் அப்பாவை அரச கச்சேரி உத்தியோகத்தராக அறிவீர்கள். சிலர் அவரை, சைக்கிள் கரியரில், பாலர் விளையாட ஒரு சாக்கு நிறையச் சிரட்டையும் புளியங்கொட்டையும் கட்டிக்கொண்டு போகும் மனிதராக அறிவீர்கள். மூத்த மகள் என்ற முறையில், நான் கண்டதையும் அப்பாவும் அம்மாவும் சொல்லக் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அப்பா முள்ளியவளையில், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் பிறந்தவர். நடக்கத் தொடங்குமுன்பே தாயாரை இழந்தார். தந்தையார் வயலுக்குப் போய்விட, அவரைத் தூக்கி வளர்த்தவர் அவரது ஒரே அக்காவான எங்கள் மாமி. தம்பியைப் பார்ப்பதற்காக மாமி இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். அப்பா படித்து, அரச சேவையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். நியமனக் கடிதத்தை மாமி எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் சென்றதாம். அதுவரை அப்பா பக்கத்தில் அசையாமல் நின்றாராம்.

பின்னர் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராகி வவுனியாவுக்கு வந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின் பின், மலையகத் தோட்டங்களிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. பூவரசங்குளத்துக்கு அப்பால் அமைந்த அப்படியொரு குடியேற்றம் அப்பாவின் பொறுப்பில் விடப்பட்டது. குடும்பங்களைப் பதிவது, தகரமும் மண்வெட்டியும் பங்கிடுவது, கிணறு வெட்டுவிப்பது இவையே அவரது வேலை. சிறு பிள்ளைகளைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அங்கே மாரியாயி அக்கா என்றொரு தாய் இருந்தார். கலவரத்தில் அடிபட்ட கணவரால் எழுந்து நடக்க முடியாது. பிள்ளைகள் நால்வர். ஒரு நாள் காலை அவர் கச்சான் தோட்டத்தில் கடலைக்கு மண் கொத்திக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுக் கடைக்குட்டி கட்டு இல்லாத கிணற்றில் விழுந்து இறந்துபோனது. அப்பா அறிக்கை எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில், "தாயின் கவனயீனம்" என்று எழுதினார். மாரியாயி அக்கா மேசையடிக்கு வந்து நின்றார்.

"என்னாங்க எழுதியிருக்கீங்க? படிச்சுச் சொல்லுங்கய்யா."

அப்பா வாசித்தார்.

"புள்ளைய மடியில வச்சிக்கிட்டு நான் குந்தியிருந்தா மத்த மூணுக்கும் யாருங்கய்யா கஞ்சி ஊத்துறது? கெணத்துக்குக் கட்டுக் கட்டித் தாரேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சத்தம் போடவில்லை என்று அப்பா சொல்லுவார். அப்பா அந்தத் தாளைக் கிழித்தார். கிணற்றுக் கட்டு தாமதமானது தமது குறை என்றும், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை என்றும் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடத்தில் கண்டிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நான் ஒரு பிள்ளையைச் சாகவிட்டிட்டு, பழியைத் தாயின்ரை தலையில போட்டனான்" என்று அம்மாவிடம் சொல்லி அழுதாராம். இதை இங்கே எழுதலாமா என்று மாரியாயி அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க பாப்பா. ஐயா எதையும் ஒளிக்கல, நம்ம ஏன் ஒளிக்கணும்" என்றார்.

அடுத்த கிழமையே கிணற்றுக்குக் கட்டு எழுந்தது. அதோடு அப்பா நிற்கவில்லை. விதைநெல் வைக்கும் கொட்டிலைக் கூட்டி மெழுகுவித்து, காலை வேளைகளில் பாலர் பாடசாலையாக்கினார். பிள்ளைகளைப் பார்க்க மாரியாயி அக்காவைத்தான் கேட்டார்.

"எம் புள்ளையவே காப்பாத்தத் தெரியாதவகிட்ட ஊரு புள்ளைங்களத் தாறீங்களா?"

"உங்களைவிட ஆர் கண் எடுக்காமல் பாப்பினம்?"

அவர் மறுத்துவிட்டார். அப்பா மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுத்தார். பிறகு ஒரு காலை தாமாகவே வந்து, கொட்டில் வாசலில், கிணற்றுப் பக்கத்தை மறித்தாற்போல் உட்கார்ந்துகொண்டார். அன்று தொடங்கியது அந்தப் பாலர் பாடசாலை. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். அப்பா அவர்களின் பெயர்களை மாமியிடம் போய் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒரு விடுமுறையில் என்னையும் கூட்டிச் சென்றார். நீளக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அவர் பிள்ளைகளோடு தவளை போலப் பாய்ந்ததைக் கண்டு எனக்கு வெட்கமாகிவிட்டது.

"கந்தோர்ல வேலை செய்யிற நீங்கள் இப்பிடிப் பாயலாமே அப்பா?"

"நான் பாஞ்சாத்தான் பிள்ளை, அந்த மூலையில நிக்கிற பெட்டை பாய்வாள். அவள் வந்த நாளில இருந்து வாய் திறக்கேல்லை."

அன்று அவள் பாயவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாய்ந்தாளாம். அந்தச் செய்தியோடு அப்பா வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து, சம்பளம் கூடிவிட்டதாக்கும் என்று அம்மா நினைத்துவிட்டார்.

சில ஆண்டுகளின் பின் வந்த ஒரு மேலதிகாரி, எழுதப் படிக்கத் தெரியாதவரைப் பாலர் ஆசிரியராக வைத்திருக்க முடியாது, நிறுத்திவிட்டுக் கடிதம் அனுப்புங்கள் என்றார். அப்பா வாழ்க்கையில் அதிகாரிகளை எதிர்த்துப் பேசியவரல்லர். அன்று பேசினார்.

"அவாவை நிப்பாட்டி நான் எழுதமாட்டன் சேர். படிச்ச ஒராளையும் தாங்கோ. அவாவும் இருக்கட்டும்."

மறுமாதம் அப்பாவுக்கு வடக்கே தொலைவிலுள்ள பளைக்கு இடமாற்றம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பின் மாரியாயி அக்காவைப் பற்றி யோசிக்கலாம், அதுவரை சம்பளம் கிடையாது என்று முடிவாயிற்று. தாய்மார் ஆளுக்கொரு சுண்டு அரிசி கொடுத்து அவரை நிறுத்தி வைத்தார்கள்.

எங்கள் படிப்புக்காக அம்மாவும் நாங்களும் வவுனியாவிலேயே இருந்தோம். அப்பா சனிக்கிழமை வருவார். ஞாயிறு விடிந்ததும் மாரியாயி அக்காவுக்கு எழுத்துப் படிப்பிக்கக் குடியேற்றத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ப் பிள்ளையளுக்கு நீங்கள் அப்பா. இந்த வீட்டுப் பிள்ளையளுக்கு விருந்தாளி."

அப்பா, "அப்ப நீரும் வாருமன்" என்றார். கோபத்தோடு போன அம்மா, திரும்பி வந்தபோது வேறு கோபத்தோடு வந்தார். "உங்கடை படிப்பிக்கிற முறை முழுப் பிழை. அந்த மனிசிக்கு இனி நான் படிப்பிக்கிறன். நீங்கள் பிள்ளையளோட வீட்டில இருங்கோ."

அதன் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பஸ்ஸில் போக, அப்பா சமைக்கக் குசினிக்குள் நுழைந்தார். அவர் காய்ச்சிய சொதியைப் பற்றி மரியாதையாக எழுத என்னால் முடியவில்லை. ஆனால் நானும் தம்பியும் அப்பாவோடு மனம்விட்டுக் கதைத்தது அந்த நாட்களில்தான். இங்கே எழுதியவற்றிற் பல எங்களுக்கு அந்தக் குசினியில்தான் கிடைத்தன.

அம்மாவின் கண்டிப்பில் மாரியாயி அக்கா எழுதப் பழகினார். பாலர் ஆசிரியர் பயிற்சிக்கும் போய், சான்றிதழோடு வந்து, முறையான நியமனம் பெற்றார். பளையிலும் இரண்டு பாலர் பாடசாலைகளைத் தொடக்கிவிட்டு அப்பா வவுனியாவுக்குத் திரும்பினார். எண்பதுகளின் பிற்பகுதியில் போரால் குடியேற்றம் இரு தடவை இடம்பெயர்ந்தது. கோயில் மடமோ, மாந்தோப்போ, மக்கள் போய்த் தங்கிய இடங்களிலெல்லாம் மறுநாள் காலையே மாரியாயி அக்கா பிள்ளைகளைக் கூட்டி இருத்தினார். பிள்ளைகள் 'மாமா' என்று கூப்பிடும் அப்பா சைக்கிளில் தேடிப் போவார். இருதய வருத்தம் கண்டபின் நாங்கள் சைக்கிளைப் பூட்டி வைத்தோம். அவர் நடந்து போனார்.

சென்ற மாதம் நெஞ்சுநோ கடுமையாகிய அன்று சண்டையால் பாதை பூட்டியிருந்தது. அயலவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, காட்டுப் பாதையால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தார்கள். மூன்றாம் நாள், அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

இறுதிக் கிரியைக்கு மாரியாயி அக்கா வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "காலையில புள்ளைங்க மாமா எங்கன்னு கேக்குதுங்க டீச்சர். என்னான்னு சொல்லுவேன்?" என்று அழுதார். "நாளைக்கு நானும் வாறன். ரெண்டு பேருமாச் சொல்லுவம்" என்றார் அம்மா. துடக்குக் காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது என்று உறவினர் தடுத்தும், சொன்னபடியே மறுநாள் போனார்.

அப்பாவைக் கொண்டுசென்ற அயலவர்களுக்கும், கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், எட்டாம் நாட் செலவுக் கிரியைவரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் உணவு கொண்டுவந்து தந்த வீட்டாருக்கும், தள்ளாத வயதிலும் முள்ளியவளையிலிருந்து வந்து தம்பியின் காலடியில் இருந்த மாமிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் வாசிக்கத் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நரைத்த தலையோடு ஒரு பெரியவர் வந்து தரையில் உட்கார்ந்தபோது, சற்றே ஒதுங்கி இடம் விட்டு, விளையாட்டில் அவரையும் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளே, உங்களால் எங்கள் அப்பா மிகவும் சந்தோஷமாக இருந்தார்.