கவட்டை என்று கத்தினேன்

இந்த ஜெர்மன்காரர்களுக்கு மரக்கிளை பிரியும் இடமும் முள்கரண்டிதான். போன வாரம் பக்கத்து வீட்டு மோனிகா ஆப்பிள் மரத்தைக் கழித்துக்கொண்டே, "ஆஸ்ட்காபெல்" என்று ஒரு கிளையைக் காட்டினாள். காபெல் என்றால் சாப்பிடும் முள்கரண்டி. உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். நான் வேலியோரம் குனிந்து, "கவட்டை" என்று மெல்லச் சொன்னேன். ஏன் ரகசியம், கெட்ட வார்த்தையா என்று சிரித்தாள்.

கெட்ட வார்த்தை இல்லை, நம்ம திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கிளை பிரிந்தால் கவட்டை, படலுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பு கவட்டை, ஓணான் அடிக்கும் வில்லும் கவட்டை. மனிதருக்குத் தொடை பிரியும் இடமும் அதுவே. அதனால் பொம்பளைப் பிள்ளை வாயில் அந்தச் சொல் வந்தால் அம்மா முறைப்பார். இத்தனை வருஷம் கழித்தும், இவ்வளவு தூரம் வந்தும், அந்த முறைப்பு என்னை விடவில்லை. கருமம்!

மறுநாள் சமையலறை ஜன்னலில் போனைச் சாத்திவைத்து எங்கள் ஊர் நத்தத்துக்கு வீடியோ கால் போட்டேன். எங்கள் தோப்பில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மரமேறும் ஆள் கிடைக்காமல் அண்ணனே ஏறியிருந்தான். மதினி போனை மேலே திருப்பிக் காட்டும்போதே மளுக்கென்று சத்தம். அவன் நின்ற கிளை பாதி முறிந்து தொங்கியது. மேல்கொப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கிளைக்குத் தாவப் பார்த்தான்.

"தாவாதீங்க! அங்கன... அங்கன உக்காருங்க!" என்று மதினி கதறினாள். கீழே ஆம்பளைகள் நின்றார்கள். அந்த நேரத்திலும் அவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

"எங்கனடி?" மேலேயிருந்து அண்ணன் கத்தினான்.

"அண்ணே, கவட்டையில உக்காரு! பின்னால, கவட்டையில! ரெண்டு பக்கமும் காலப் போட்டு மரத்தக் கட்டிப் புடி!" நான்தான் கத்தினேன். ஸ்பீக்கரில் தோப்பே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஏணிக்கும் கயிற்றுக்கும் ஆட்கள் ஓடினார்கள். மதினி போனோடு மரத்தைச் சுற்றி ஓடியதில் எனக்கு இலையும் வானமும்தான் மாறி மாறித் தெரிந்தன. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

இறங்கியதும் போனை வாங்கினான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"அழுவாத பாப்பா. அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு என்னா சத்தம்! நீ இங்கன இருந்திருந்தா மட்டும் என்னைய ஏந்திப் புடிச்சிருப்பியாக்கும்?"

ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. கண்ணைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தேன். போனுக்குக் கீழே என் இரண்டு கைகளும் இன்னும் ஏந்தியபடியே இருந்தன.