பெயர் கூப்பிட்ட நேரத்தில்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னமும் என்னோடு இந்தியில்தான் பேசுவார். நான் பெயின்ட் அடிக்கும் கம்பனியில் கூட வேலை செய்பவர்கள் ஒடிசாக்காரர்கள். அவர்களோடு நிற்பதால் நானும் அந்த ஊர்க்காரன் என்று அவருக்கு நினைப்பு. தமிழில் பதில் சொன்னால், "கேரளாவா சேட்டா?" என்பார். ஒன்பது வயதில் திருகோணமலையிலிருந்து வந்து, மன்னாரில் படகேறியவன் நான். முப்பத்தைந்து வருடமாக இந்த வட்டாரத்தில் ஓர் அகதி முகாமில் இருக்கிறேன். முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போவேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

வடநாட்டுத் தொழிலாளருக்கு உதவ உள்ளூர் பொலிஸும் தன்னார்வலர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். நல்ல காரியம்தான், அதில் எனக்குக் குறையில்லை. எனக்கு இந்தி தெரியும் என்று கேள்விப்பட்ட எஸ்.ஐ., ஆளனுப்பிக் கூப்பிட்டு, தன் கையாலேயே என் சட்டையில் "தன்னார்வலர்" பட்டையைக் குத்திவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிறு சுமித்ரா வந்தாள். எங்கள் கம்பனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். வேறு வீடு போகிறேன் என்றதும் வாடகை வீட்டின் சொந்தக்காரர் அவளுடைய ஆதார் அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டாராம். அவள் அழுதழுது சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். எஸ்.ஐ. போனை எடுத்தார்.

"இன்னாபா, ஒரு பொம்பள கார்ட புட்ச்சி வச்சிக்கினு இன்னா பண்ற? இப்பவே எத்துக்கினு வா."

ஒரு மணி நேரத்தில் அட்டை வந்துவிட்டது. சுமித்ரா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே நேரத்தில் முகாமில் ஆள் பதிவு நடந்துகொண்டிருந்தது. பெயர் கூப்பிட்டதும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிடுகிறவரும் பொலிஸ், நான் உட்கார்ந்திருப்பதும் பொலிஸுக்குப் பக்கத்தில், பிறகென்ன என்று நினைத்துவிட்டேன். என்னைப்போல ஒரு மடையன் உண்டா? "ஆளில்லை" என்று எழுதிவிட்டார்கள். அடுத்த பதிவு வரை வெளியூரில் தங்க அனுமதி இல்லை. அந்த வாரப் புதன்கிழமை மகள் தர்ஷினியைத் திருச்சி நர்சிங் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு அனுமதி கிடைத்தது, எனக்கு இல்லை.

எஸ்.ஐ.யிடம் ஓடினேன். "ஐயா, நான் உங்கட பக்கத்திலதானே இருந்தனான்?"

"இருந்தீங்க அண்ணே, நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா அது வேற பிரிவு. நான் பூந்து பேச முடியாது." வாசல்வரை கூட வந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

அந்தச் சட்டைப் பட்டையைப் பிடுங்கி அவர் மேசையில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஊரில் எங்கள் கதவில் குடும்பத்தார் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தோம். ஆமிக்காரன் வந்து எண்ணுவான். ஒரு தலை குறைந்தால் துவக்கை நீட்டிக் கேள்வி கேட்பான். அந்த எண்ணிக்கைக்குப் பயந்துதான் அப்பா எங்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார். இங்கே எண்ணுகிறவர் கையில் பேனா. அதற்காக நன்றியோடு இரு என்கிறார்கள். நன்றியோடுதான் இருந்தேன், என் பிள்ளைக்கும் இதே வரிசைதான் என்று தெரியும்வரை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சுமித்ராவுக்கு விஷயம் தெரிந்தது. "பையா, பாப்பா கூட நான் போறேன். நான் யாரையும் கேக்க வேணாம்," என்றாள் இந்தியில். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள், தமிழில் நாலு வார்த்தை தெரியாதவள், யாரையும் கேட்காமல் திருச்சி போகலாம். தமிழ்நாட்டில் வளர்ந்து, இங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற நான் போக முடியாது.

புதன் காலை ஸ்டேஷனில் இருவரையும் ரயிலேற்றிவிட்டேன். சுமித்ரா பர்ஸைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

பின்னேரம் கம்பனியில் நிற்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, ஹொஸ்டல் போர்ம்ல கூட்டிக்கொண்டு வந்தவ என்ன முறை எண்டு கேட்டிருக்கு. சித்தி எண்டு எழுதிட்டன்."

"நல்லது பிள்ளை."

"தகப்பன் வராததுக்குக் காரணமும் கேட்டிருக்கு. என்ன எழுத?"

என் சட்டைப்பையில் அகதி அட்டையும் அந்தத் தன்னார்வலர் பட்டையும் ஒன்றாகக் கிடந்தன.

"பொலிஸுக்கு உதவி செய்யப் போயிட்டார் எண்டு எழுது," என்றேன்.